பக்கத்து நாற்காலிக்காரரின் அணி

இறுதி ஆட்டம் ஐரோப்பாவில் புதன்கிழமை இரவு. ஆக்லாந்தில் இருக்கும் எங்களுக்கு அது வியாழக்கிழமை காலை ஏழு மணி. தேதி தெரிந்ததும் நான் முதலில் பார்த்தது என்ன கிழமை என்பதைத்தான். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை ஆறேகாலுக்கு நான் டயாலிசிஸ் யூனிட்டில் இருந்தாக வேண்டும். ஏழு மணிக்குள் இரண்டு ஊசிகளும் கையில் ஏறியிருக்கும். ரத்தம் குழாய் வழியாகப் போய் இயந்திரத்துக்குள் சுத்தமாகித் திரும்பிக்கொண்டிருக்கும். பதினொன்றரை வரை எழுந்திருக்க முடியாது. ஆபீசுக்கு லீவு சொல்ல வேண்டாம், வீட்டில் சாக்கு சொல்ல வேண்டாம். நோய் வந்த இரண்டரை வருடத்தில் அது எனக்குச் செய்த ஒரே உபகாரம் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மோதப்போவது லண்டனின் இரண்டு அணிகள். ஐரோப்பா முழுவதும் சுற்றி, எத்தனையோ நாட்டு அணிகளைத் தோற்கடித்து, கடைசியில் ஒரே ஊர்க்காரர்கள் இரண்டு பேர் யாரோ ஒருவருடைய நகரத்தில் போய்க் கோப்பைக்கு அடித்துக்கொள்ளப் போகிறார்கள். அதில் ஒன்று என் அணி. மற்றது என் பக்கத்து நாற்காலிக்காரருடைய அணி.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பத்தெட்டு வயது, என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். மவுண்ட் வெல்லிங்டனில் வீடு. சிறுநீரகம் கெடும் வரைக்கும் இந்த ஊரில் பஸ் ஓட்டினார். அதற்கு முன்னால் ஒன்பது வருடம் லண்டனில் இருந்தவர். நான் திருச்சிக்காரன். மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலை. பிளாட் புஷ்ஷில் வீடு வாங்கிக் குடிபோன மூன்றாம் மாதம் என் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன.

யூனிட்டுக்கு முதல் நாள் ஊசியை நினைத்துப் பயந்துகொண்டே வந்தேன். ஊசி போட வசதியாக இருக்கட்டும் என்று அரைக்கைச் சட்டை போட்டு வரச் சொல்லியிருந்தார்கள். பீரோவைத் திறந்து முதலில் கையில் சிக்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். அது என் அணியின் பழைய சட்டை. பக்கத்து நாற்காலியில் படுத்திருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தமிழோ?" என்றார்.

"ஆமாங்க."

"வருத்தம் வந்தது காணாதெண்டு உந்தக் கிளப்பையும் வச்சுக்கொண்டு திரியிறீரோ?"

நோயைத்தான் 'வருத்தம்' என்கிறார். அந்தக் கட்டடத்துக்குள் வந்த பிறகு நான் முதல்முறை சிரித்தது அப்போதுதான். ஊசி ஏறியதை நான் கவனிக்கவில்லை.

எனக்கு இடது கையில் ஊசி. அவருக்கு வலது கையில். அதனால் என் இயந்திரம் எனக்கு இடப்பக்கம் நிற்கும், அவருடையது அவருக்கு வலப்பக்கம். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. அந்த இடைவெளியில் சாப்பாட்டுத் தட்டு வைக்கும் சிறிய மேசையை இழுத்துப் போட்டு அதில் என் டேப்லெட்டை நிறுத்தி வைப்போம். ஒரே இயர்போன். ஒரு முனை என் வலது காதில், மறுமுனை அவர் இடது காதில். இரண்டரை வருடத்தில் எத்தனை ஆட்டங்களை அப்படிப் பார்த்திருப்போம் என்று கணக்கில்லை. நேரலை கிடைக்காத நாளில் பழைய ஆட்டங்களைப் போட்டுச் சண்டை பிடிப்போம்.

சண்டையில் அவர் கடைசியாக எடுக்கும் ஆயுதம் ஒன்று உண்டு. "நீர் டிவியைப் பாத்து விரும்பினனீர். நான் அந்த ரோட்டில இருந்தனான்."

அது உண்மைதான். எனக்குக் கால்பந்து வந்தது கல்லூரி ஹாஸ்டலின் டிவி அறையில். அவருக்கு வந்தது பெட்ரோல் பங்கில். லண்டனில் அகதி வழக்கு முடியாமல் இழுத்துக்கொண்டிருந்த வருடங்களில், தன் அணியின் மைதானத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பங்கில் கல்லாவில் நின்றிருக்கிறார். சனிக்கிழமைகளில் ஆட்டம் முடிந்து கூட்டம் கூட்டமாக வருவார்கள். ஒருநாள் ஏதோ பெரிய வெற்றி. வயதான ஒரு வெள்ளைக்காரர் பாட்டுப் பாடிக்கொண்டே உள்ளே வந்து, கழுத்தில் கிடந்த சால்வையைக் கழற்றி இவர் கழுத்தில் போட்டுக் கட்டிப்பிடித்திருக்கிறார்.

"பொலிசை விட்டா, அந்த நாட்டில என்னைத் தொட்ட முதல் ஆள் அந்த மனுசன்தான்" என்று ஒருமுறை சொன்னார். "அண்டைக்குத் தொடங்கினது."

அதற்குப் பிறகு அவருடைய அணியைக் கேலி செய்வதில் நான் ஓர் அளவு வைத்துக்கொண்டேன். அவர் அப்படி ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த வருடம் அரையிறுதி ஆட்டங்கள் எங்களுக்கு வெள்ளிக்கிழமை காலையில் வந்தன. அவரவர் வீட்டில் பார்த்தோம். மறுநாள் சனிக்கிழமை யூனிட்டில் எடை பார்க்கும் மெஷினில் நான் ஏறி நிற்கும்போது பின்னால் குரல் கேட்டது.

"தம்பி, ரெண்டு பேரும் ஃபைனல்! வியாழக்கிழமை! உம்மை எழும்பவும் விடாயினம், ஓடவும் விடாயினம். இருந்து பாக்கத்தான் வேணும்!"

திரும்பிச் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பில் பாதிதான் உண்மை. அவரிடம் நான் ஒரு விஷயத்தை மறைத்துக்கொண்டிருந்தேன்.

இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகத்துக்கான பட்டியலில் அவர் நாலு வருடமாக இருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து எந்த நேரமும் அழைப்பு வரலாம் என்று போனைச் சட்டைப்பையைவிட்டு எடுக்கவே மாட்டார். மகள் தன்னுடையதைத் தருகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். இவர் கேட்கவில்லை. "இருபத்தாறு வயசுப் பிள்ளையின்ர உடம்பில எனக்காகக் கத்தி வைக்க விடுவனோ?" என்று சொல்லிவிட்டார். அவர் மனைவிக்குச் சர்க்கரை வியாதி, தர முடியாது. மார்ச்சில், இங்கே இலையுதிர் காலத் தொடக்கத்தில், இதயப் பரிசோதனை ஒன்று செய்தார்கள். முடிவு சரியில்லை. இதயத்தைச் சரிசெய்யும் வரை பட்டியலிலிருந்து எடுத்து வைத்தார்கள். அதைக் கேள்விப்பட்ட அன்றே என்னிடம் சொன்னார்.

"என்னைப் பட்டியலில இருந்து எடுத்திட்டினம், தம்பி."

நான் அவர் கையைப் பிடித்தேன். கொஞ்ச நேரம் பிடித்திருக்க விட்டார். பிறகு, "சரி, ஏதாவது போடும், பாப்பம்" என்றார்.

பத்து நாள் கழித்து எனக்குப் போன் வந்தது. என் மனைவி தன் சிறுநீரகத்தை எனக்குத் தருவதாகச் சொல்லிப் பல மாதங்களாகப் பரிசோதனைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒவ்வொரு படியிலும் எங்கே தடுக்குமோ என்று பயந்துகொண்டிருந்தோம். கடைசிப் படியும் தாண்டிவிட்டது. இரண்டு பேருக்கும் ஒரே நாளில் அறுவை சிகிச்சை. அது இறுதி ஆட்டம் முடிந்து சரியாக இரண்டு வாரம் கழித்து.

போனை வைத்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "யார்கிட்டயும் சொல்லாதீங்க. நல்லபடியா முடியட்டும். கண்ணு பட்டுடும்."

"பக்கத்து நாற்காலி அண்ணன்கிட்டக்கூடவா?"

அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நானும் திரும்பக் கேட்கவில்லை. அவள் மேல் பழியைப் போட்டுவிட முடியாது. சொல்லாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்ததே என்று எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது. அவரைப் பட்டியலிலிருந்து எடுத்த மாதத்தில் எனக்குக் கிடைத்துவிட்டது என்று எந்த வாயால் சொல்வது? ஒவ்வொரு சனிக்கிழமையும் செவ்வாய்க்கிழமை சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். செவ்வாய் வரும், வியாழன் பார்க்கலாம் என்று தோன்றும்.

ஆட்டத்தன்று மே மாதக் கடைசிக்கே உரிய மழை. ஆறேகாலுக்கு இன்னும் இருட்டு விலகவில்லை. அவர் எனக்கு முன்னாலேயே வந்து ஊசி போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். கால்மேல் போர்வை, தலையில் தன் அணியின் கம்பளித் தொப்பி. எங்களைப் பார்க்கும் நர்ஸ் பிலிப்பைன்ஸ்காரப் பெண். கால்பந்து தெரியாது, ஆனால் எங்களைத் தெரியும். மேசையை இழுத்துப் போட்டு டேப்லெட்டை நிறுத்திவிட்டு, இரண்டு பேரையும் பார்த்து விரலை ஆட்டினாள். ஊசி போட்ட கை அசையக்கூடாது, யார் கோல் அடித்தாலும் சரி, என்றாள்.

முதல் அரைமணி நேரம் பயந்து பயந்து ஆடினார்கள். உள்ளூரில் வருடத்துக்கு இரண்டு முறை மோதிக்கொள்கிற அணிகள், ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரியும். யாரும் வாயைத் திறக்கவே தயங்கும் கல்யாணப் பேச்சுவார்த்தை மாதிரி இருந்தது. பிறகு ஒரு கார்னர். என் அணியின் தடுப்பாட்டக்காரன் ஒருவன் எல்லாரையும்விட ஓரடி உயரமாக எழும்பித் தலையால் முட்டினான். கோல்.

எனக்குக் கத்த வேண்டும், கை தட்ட வேண்டும். இடது கையை அசைக்க முடியாது. வலது கையை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே தன் இடது கையை நீட்டினார்.

"இந்தாரும். அடிச்சுத் துலையும்."

அவர் கையில் என் கையை அடித்து மூன்று முறை தட்டினேன். எதிரில் இருந்த நாற்காலிகளில் எல்லாரும் சிரித்தார்கள்.

அப்படியே இடைவேளை வந்தது. நர்ஸ் டீயும் பிஸ்கட்டும் வைத்துவிட்டுப் போனாள். அவர் பிஸ்கட்டைத் தொடவில்லை. திரையில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே சாதாரணமாகச் சொன்னார்.

"அடுத்த சீசன் தொடங்கேக்க நீர் இஞ்ச இருக்கமாட்டீர் என்ன?"

சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. வாசலைத் திறந்து வைத்துவிட்டு நின்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஏண்ணே அப்படிக் கேக்குறீங்க? நான் எங்க போகப் போறேன்?"

அவர் என் பக்கம் திரும்பினார். கோபமாகப் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஏறியவன் காட்டும் அட்டை செல்லாது என்று தெரிந்தும், அவனாகச் சொல்லட்டும் என்று காத்திருக்கும் டிரைவரின் பார்வை.

"போன மாதம் திரும்ப ஹார்ட் டெஸ்டுக்குப் போகேக்க உங்கட மனுசியைக் கண்டனான். தானம் குடுக்கிற ஆக்கள் இருக்கிற பக்கத்தில இருந்தவ. என்னைக் காணேல்லை. நல்ல விசயம்தானே, நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

இரண்டரை வருடமாக என்னை 'நீர்' என்றே அழைத்தவர். அவர் பேச்சில் அது உரிமையுள்ள சொல். அது இப்போது 'நீங்கள்' ஆகிவிட்டது.

"அண்ணே, அது வந்து…"

"கெட்ட செய்தியை நான் அண்டைக்கே உங்களுக்குச் சொன்னனான். நல்ல செய்தியை நீங்கள் எனக்குச் சொல்லேல்லை. என்ன, நான் கண்ணூறு போட்டிருவன் எண்டு நினைச்சியளோ?"

 அப்படி நினைத்தது என் மனைவி, ஆனால் ஒத்துக்கொண்டது நான். அவர் காதிலிருந்த இயர்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். போர்வையை நெஞ்சுவரை இழுத்துவிட்டுக் கொண்டு கண்ணை மூடினார்.

இரண்டாம் பாதியை நான் தனியாகப் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்லக்கூடாது, திரையை நோக்கி உட்கார்ந்திருந்தேன். அவருடைய அணி விடாமல் தாக்கிக்கொண்டிருந்தது. ஒருமுறை பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. பக்கவாட்டில் பார்த்தேன். கண்ணைத் திறக்கவில்லை. சரி, இன்றைக்குப் பேசமாட்டார் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்பதற்கு மனதுக்குள் வார்த்தை கோத்துக்கொண்டிருந்தேன். எதுவும் சரியாக வரவில்லை.

ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது எங்கள் கோல் பகுதிக்குள் ஒருவன் விழுந்தான். நடுவர் போய்த் திரையில் பார்த்துவிட்டு வந்து பெனால்டி கொடுத்தார். அவருடைய அணித்தலைவன் அடித்தான். கோல். ஒன்றுக்கு ஒன்று.

எனக்கு வருத்தப்படக்கூடத் தோன்றவில்லை. இதற்காவது கண்ணைத் திறப்பார், என்னைத் திட்டவாவது திட்டுவார் என்று ஆசையாகத் திரும்பினேன். "அண்ணே, கோல்! உங்க ஆளுங்க!"

அவர் கொட்டாவி விட்டார்.

அந்தக் கொட்டாவியைப் பார்த்ததும் எனக்கு ஜில்லென்றது. இந்த நாற்காலிகளில் இரண்டரை வருடம் உட்கார்ந்தவனுக்கு அது தெரியும். உடம்பிலிருந்து தண்ணீரை அதிகமாக எடுத்துவிட்டால் ரத்த அழுத்தம் இறங்கும். இறங்கும்போது முதலில் வருவது கொட்டாவிதான். தொப்பிக்குக் கீழே நெற்றி முழுவதும் வியர்வை. உதடு சாம்பல் நிறம். என்மேல் கோபமாக இருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் கொஞ்சம் கொஞ்சமாக மயங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

மணியை அழுத்தினேன். அது போதாது என்று தோன்றி, வாழ்க்கையில் அந்த அளவுக்குக் கத்தியதில்லை, அப்படிக் கத்தினேன். நர்ஸ் ஓடி வந்தாள். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். நாற்காலியை அப்படியே மல்லாத்தித் தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்தினார்கள். தண்ணீர் எடுப்பதை நிறுத்திவிட்டு உப்புநீரைத் திருப்பி உள்ளே விட்டார்கள். நர்ஸ் அவர் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். இயந்திரத்தில் அழுத்தத்தைக் காட்டும் எண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. எழுந்து போய் அவர் பக்கத்தில் நிற்கவும் முடியாது. கை எட்டும் தூரம்தான், ஆனால் என் ரத்தம் வேறு ஒரு பெட்டிக்குள் இருந்தது.

மூன்று நான்கு நிமிடம் இருக்கும். முகத்தில் நிறம் திரும்பியது. கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தார். நர்ஸ் அவரிடம் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாள். அவர் அவளுக்குப் பதில் சொல்லாமல் என் பக்கம் தலையைத் திருப்பினார்.

"என்ன ஸ்கோர்?"

"ஒண்ணுக்கு ஒண்ணுண்ணே. கடைசில பெனால்டி அடிச்சிட்டாங்க உங்க ஆளுங்க."

"பொய் சொல்லாதேயும்."

'சொல்லாதேயும்' என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, அவர் சரியாகிவிட்டார், பயப்படாதே என்று என் தோளைத் தட்டினாள்.

கூடுதல் நேர ஆட்டம் தொடங்கியிருந்தது. அவர் இன்னும் அரைமணி நேரம் தலையைத் தூக்கக்கூடாது என்றாள் அவள். ஆட்டத்தைப் பார்க்கக்கூடாது என்று சொல்லவில்லையே என்றார் அவர். அவள் கையை விரித்துவிட்டுப் போனாள். மல்லாந்து கிடப்பவருக்கு மேசைமேல் இருக்கும் திரை தெரியாது. நான் இயர்போன் இரண்டு முனையையும் அவரிடம் கொடுத்தேன். டேப்லெட்டை வலது கையில் எடுத்து, நடு இடைவெளிக்கு மேலே நீட்டி, அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். எனக்குத் தெரிந்தது டேப்லெட்டின் முதுகு மட்டும்தான்.

"உமக்குத் தெரியுதோ?"

"தெரியலண்ணே. நீங்க பாத்துச் சொல்லுங்க."

அப்படித்தான் அந்தக் கோப்பையின் கடைசி முக்கால் மணி நேரத்தை நான் கேட்டேன். "இப்ப உம்மட ஆக்களிட்டப் பந்து… வலப்பக்கத்தால வாறான்… ஐயோ, வடிவாக் குடுத்தான்… இல்லை, எங்கட ஆள் வெட்டிப்போட்டான்." அவர் அணிக்குச் சாதகமானது என்றால் குரல் ஏறும். என் அணி நன்றாக ஆடினால் இரண்டு சொல்லில் முடித்துவிடுவார். ஆனால் ஒன்றையும் மாற்றிச் சொல்லவில்லை. கை வலித்தது. மற்றக் கைக்கு மாற்ற வழியில்லை. முழங்கையை நாற்காலிக் கைப்பிடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டு பிடித்திருந்தேன்.

கூடுதல் நேரத்தின் நடு இடைவேளையில் சொன்னேன். அவர் முகம் எனக்குத் தெரியாமல் திரை மறைத்திருந்தது உதவியாக இருந்தது.

"ரெண்டு வாரத்துல ஆபரேஷன்ணே. உங்கள லிஸ்ட்ல இருந்து எடுத்த பத்தாவது நாளே தெரியும். அவ கண்ணு பட்டுடும்னு பயந்தா. எனக்கு அது இல்ல. உங்க முகத்தப் பாத்துச் சொல்ல முடியல."

 காதில் இரண்டு முனையும் இருக்கிறதே, கேட்டிருக்குமா என்று சந்தேகம் வந்தது.

"எனக்குப் பொறாமை இல்லையெண்டு நான் சொல்லமாட்டன்" என்றார். "அண்டைக்கு உம்மட மனுசியைக் கண்டிட்டு வீட்டை போய்ச் சாப்பிடேல்லை. ஆனா அது என்ர பாடு, தம்பி. நீர் அதுக்காக ஒளிக்கக் கூடாது. நீர் சொல்லியிருந்தா நான் ஒருநாள் கவலைப்பட்டுப்போட்டு மற்றநாள் சந்தோசப்பட்டிருப்பன். நீர் சொல்லாததால ஒரு மாசமா ரெண்டையும் தனியக் கிடந்து பட்டனான்."

"தப்புதாண்ணே."

"கையை நேராப் பிடியும். தொடங்கப்போகுது."

கூடுதல் நேரத்திலும் யாரும் கோல் அடிக்கவில்லை. பெனால்டிகள். அதையும் அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். எதிர் நாற்காலிகளில் இருந்தவர்களில் இரண்டு பேர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு உதைகள் வரை இரண்டு பக்கமும் சமம். ஐந்தாவதில் என் அணிக்காரன் அடித்தான். "உள்ளே" என்றார் வறட்சியாக. பிறகு அவருடைய அணியின் முறை. வந்தவன் இருபது வயதுப் பையன் என்றார். பந்தை வைக்கிறான், பின்னால் போகிறான், மூச்சு எடுக்கிறான் என்றார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

நான் காத்திருந்தேன். 

"உம்மட ஆக்கள் வெண்டிட்டாங்கள்" என்றார்.

நான் டேப்லெட்டை இறக்கினேன். என் அணி ஐரோப்பியக் கோப்பை வென்ற தருணத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. இன்றுவரை அந்த உதையை மறுஒளிபரப்பில்கூடப் பார்க்கவில்லை. அவர் சொல்லிக் கேட்டதே போதுமென்று இருக்கிறது. அவரோ கூரையைப் பார்த்துக் கிடந்தபடி அரைமணி நேரம் தன் அணியின் பயிற்சியாளரைத் திட்டினார். கூடுதல் நேரத்தில் எதற்காக அனுபவஸ்தனை எடுத்துவிட்டு அந்தக் குழந்தையை இறக்கினான் என்று என்னிடமே நியாயம் கேட்டார். பதினொன்றரைக்கு நான் இறங்கிப் போகும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது கால்பந்துக் கோபம். அதில் எனக்கு எந்தப் பயமும் இல்லை.

அன்று சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு அவருடைய நம்பரை வாங்கி அவளே போன் செய்தாள். உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். என்ன பேசினார்கள் என்று இருவருமே எனக்குச் சொல்லவில்லை.

என் கடைசி டயாலிசிஸ் நாளில் அவர் எனக்குச் சொன்னது ஒன்றுதான். "எல்லாரும் வந்து உம்மைத்தான் விசாரிப்பினம். குடுத்தவவை ஒருத்தரும் விசாரிக்க மாட்டினம். நீர் அவவைப் பாரும்."

அப்படியேதான் நடந்தது. சிறுநீரகம் எனக்குள் முதல் நாளே வேலை செய்யத் தொடங்கியது. டாக்டர்கள் என்னைச் சுற்றி நின்றார்கள், நண்பர்கள் எனக்குப் பழம் அனுப்பினார்கள். அடுத்த வார்டில் அவள் இருமினால் தையல் வலிக்கும் என்று தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு கிடந்தாள். நாங்கள் வீடு திரும்பிய வாரம் பிளாட் புஷ்ஷுக்கு அவருடைய மகள் காரில் வந்தாள். இடியப்பமும் சொதியும் கொண்டுவந்திருந்தாள். இங்கேயே பிறந்த பெண், ஆங்கிலத்தில்தான் பேசினாள். இது ஆன்ட்டிக்கு மட்டும், உங்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று அப்பா சொல்லி அனுப்பினார் என்றாள். மூன்று வாரம், வாரத்துக்கு இரண்டு நாள் வந்தாள்.

தொற்றுப் பயத்தால் ஐந்து மாதம் என்னை யூனிட் பக்கம் போக விடவில்லை. போனில் பேசிக்கொண்டிருந்தோம். ஆறாவது மாதம் முகக்கவசம் போட்டுக்கொண்டு ஒரு வியாழக்கிழமை காலை போனேன். என் நாற்காலியில் டோங்கா தீவுக்காரப் பெண்மணி ஒருவர் இருந்தார். ரக்பி ரசிகை. கால்பந்தில் கையால் தொட்டால் ஏன் விசில் ஊதுகிறார்கள் என்று அவருக்கு நம்மாள் விளக்கிக்கொண்டிருந்தார். நான் வருகையாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு நடுவில் உட்கார்ந்தேன். இப்போது நான் நாளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். அவருக்கு நாளுக்கு ஒரு லிட்டருக்குக் கீழேதான் அனுமதி. பையிலிருந்த பாட்டிலை வெளியே எடுக்காமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

"தண்ணியைக் குடியும்" என்றார் திடீரென்று. "கிட்னி உம்மட மனுசியின்ர. காய வைக்காதேயும்."

குடித்தேன்.

அதற்குப் பிறகு அவருக்கு இதயத்தில் அடைப்பு எடுத்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். பட்டியலில் திரும்பச் சேர்ப்பதா என்று இன்னும் முடிவாகவில்லை. நேற்றுக் காலை போன் செய்து, நம் கதையை எழுதப்போகிறேன், எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதும். ஆனா என்ர பேரைப் போடாதேயும்."

"போட மாட்டேண்ணே."

"கிளப்பின்ர பேரும் வேண்டாம். தோத்த கதை."

"என் கிளப் பேரப் போடலாமா?"

"அதைப் போட்டா மற்றது என்னெண்டு எல்லாருக்கும் விளங்கும்தானே! உமக்கு இவ்வளவு காலமும் நான் என்னத்தைச் சொல்லித் தந்தனான்? சரி, வையும். நர்ஸ் பிள்ளை ஊசியோட வந்து நிக்கிறா."